லோஜினியின் சத்தமில்லாத பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையான காம்பராவைக் கழுவித் துடைப்பது லோஜினியின் வேலை. மற்ற நாட்களில் மகள் டிலானி பேருக்கு விளக்குமாற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவாள். ஞாயிறு மட்டும்தான் பாய் சுருட்டப்பட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய், சீமெந்துத் தரை சவர்க்காரத் தண்ணீரைக் காணும். அன்றைக்கும் பழைய துவாய்த் துண்டை உள்ளங்கையால் அழுத்தி, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து டெலிவிஷன் மேசைக்கு அடியில் போனபோது, தரை அவள் கையில் நடுங்கியது.

நடுங்கியது என்பதுகூடப் பெரிய வார்த்தை. தூங்கும் பூனையின் முதுகில் கை வைத்தால் உள்ளே உறுமிக்கொண்டிருக்குமே, அந்த அளவுதான்.

"சனியன், இன்னும் அடங்கல" என்று மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைத் திட்டினாள். அவள் கையாலேயே செய்த கம்ப்யூட்டர். திட்ட அவளுக்கு உரிமை இருந்தது. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். அது வாசல் பக்கம் ஓடாமல் மேசை மூலைக்கு ஓடியது. அங்கே தேங்கவும் இல்லை. ஒற்றி எடுக்கிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள்.

மில்லவத்தைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், ஆறு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருந்த லயத்தில் கடைசி வீடு அவளுடையது. அதற்கு அப்பால் நாலு ரப்பர் மரம், எல்லைக் கல், பிறகு சரிவு. சரிவுக்குக் கீழே வெளி ஆளின் வயல். வயலில் நெல் விளைந்து வருஷக் கணக்காகிறது. இப்போது அங்கே பொலித்தீன் கூரை போட்ட மாணிக்கக் குழிகள் இருந்தன. தண்ணீர் இறைக்கும் பம்ப்பின் சத்தம் காற்று வாக்கில் வரும், போகும். இரத்தினபுரிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அதுவெல்லாம் மழைச் சத்தம் மாதிரி. யாரும் காது கொடுப்பதில்லை.

லோஜினி தினமும் முக்கால் மணி நேரம் பஸ்ஸில் நின்று இரத்தினபுரிக்குப் போய், றினாஸ் நானாவின் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தாள். பதினாறு வருஷத்துக்கு முன் ஃபோட்டோக்கொப்பி எடுக்கிற பெண்ணாகச் சேர்ந்தவள். ஒருநாள் திருத்துகிற பையன் வராமல் போக, ஒரு கல் வியாபாரியின் லப்டொப்பைத் தானே திறந்து, உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருந்த கரப்பான்களை வெளியேற்றி ஓட வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பையனை யாரும் தேடவில்லை. எந்த மெஷினையும் திறப்பதற்கு முன் அதன்மேல் கை வைத்து அரை நிமிஷம் சும்மா இருப்பது அவள் வழக்கம். எது சுற்றுகிறது, எது சுற்ற முடியாமல் தவிக்கிறது என்று கையே சொல்லிவிடும். "தங்கச்சி நாடி பாத்திட்டாவா?" என்று றினாஸ் நானா வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்பார்.

வீட்டுக்கு ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் சிக்னல். லயத்தில் ஃபோனுக்குச் சிக்னல் கிடையாது. மேலே தண்ணி டேங்க்குக்குப் பக்கத்தில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். டிலானி தரம் ஆறு. பாட வீடியோக்களை டேங்க்கடியில் அட்டைக்கடி வாங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் எல்லாவற்றையும் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, டெலிவிஷனில் பெரிதாகப் பார்க்கலாமே. பாடம், படம், பாட்டு, கோயில் திருவிழா வீடியோ, எல்லாம் ஒரே பெட்டியில். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட சின்ன மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று கடை மூலையில் தூசி குடித்துக்கொண்டிருந்தது. தடித்த அகராதி அளவுதான் இருக்கும். நானா அதைச் சும்மா கொடுத்தார்.

புருஷன் அஜந்தன் இதற்கு மறுப்புச் சொல்லுவான் என்று அவள் மூன்று நாள் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஒரு குக்கர் வாங்குவதற்கே ஒரு வாரம் யோசிக்கிற மனுஷன். அவனோ கேட்டதும் "செய்யேன், நல்லதுதானே" என்றுவிட்டான். அடுத்த வாரம் எங்கிருந்தோ முழங்கால் உயர ஸ்பீக்கர் இரண்டு கொண்டுவந்து இறக்கினான்.

"என்னங்க இது, கல்யாண வீட்டுக்கா?"

"இருக்கட்டும் புள்ள. படம்னா தியேட்டர் மாதிரி கேக்கணும்ல."

அஜந்தன் கீழ்ப்பிரிவுக்கு வாட்ச்சர். ரப்பர் பால் களவு போகாமல், மரம் வெட்டுப்படாமல், எல்லைக்குள் யாரும் கள்ளத்தனமாக மாணிக்கக் குழி வெட்டாமல் பார்ப்பதற்குத்தான் தோட்டம் அவனுக்குச் சம்பளம் கொடுத்தது. காலையில் ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று. கண்டதை ஆபீசில் இருக்கும் புத்தகத்தில் எழுத வேண்டும். அதிகம் பேசாதவன், குடிக்காதவன். லயத்துப் பெண்கள் அவனைக் காட்டித் தங்கள் புருஷன்மாரைத் திட்டுவார்கள். லோஜினிக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

பெட்டி நன்றாகவே ஓடியது. ஆனால் சத்தம் போட்டது. படத்தில் பாட்டும் சண்டையும் ஓடும்போது தெரியாது. யாராவது மெதுவாகப் பேசினால், அல்லது டிலானியின் கணக்கு டீச்சர் பலகையில் எழுதுவதற்காகத் திரும்பினால், அந்த இடைவெளியில் ஓர் உறுமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெஷினைத் தொட்டு வாழும் ஒருத்தியின் வீட்டிலேயே மெஷின் உறுமுவது அவளுக்கு மானக்கேடாக இருந்தது.

முதலில் ஃபேனைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து எண்ணெய் விட்டாள். ஃபேனின் வேகத்தைக் குறைத்தாள். உறுமல் குறையவில்லை. சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுற்றாத புது மாதிரி டிஸ்க் போட்டாள். அப்போதும் இருந்தது. மேசைதான் அதிர்கிறதோ என்று அடுத்த வீட்டு ரோசலின் அக்காவின் புருஷனிடம் கேட்டு, ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்திலிருந்து ஒரு துண்டு ரப்பர் சீட் வாங்கிப் பெட்டிக்குக் கீழே நாலு மடிப்பாக வைத்தாள். காம்பரா முழுக்கப் புகை வாசம் அடித்ததுதான் மிச்சம்.

"விடேன் புள்ள" என்றான் அஜந்தன். "மெஷின்னா ஒரு சத்தம் இருக்கணும். இல்லாட்டி ஓடுதா இல்லியான்னு எப்பிடித் தெரியும்?"

"ஓடினா படம் தெரியும்ல. சத்தம் எதுக்கு?"

"எனக்கு அந்தச் சத்தம் புடிச்சிருக்கு. வீட்டுல ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கு."

அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. லோஜினி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிந்த பிறகும் அவன் முகம் மாறவில்லை.

ஒரு பின்னேரம் டிலானி பாயில் குப்புறப் படுத்து வீட்டுவேலை எழுதிக்கொண்டிருந்தவள், தலையைத் தரையில் சாய்த்தபடி, "அம்மா, பெட்டி இருமுது" என்றாள்.

"பெட்டி எங்க இருமும்? டிஸ்க் சத்தமா இருக்கும்."

"டிஸ்க் மாத்திட்டோம்னு சொன்னீங்களே."

லோஜினி கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அந்த வாரத்தில் இன்னொன்றும் பார்த்தாள். வீட்டுக்குள் தாராளமாக வந்து போகிற ரோசலின் அக்காவின் கோழி, இப்போது வாசல் படியோடு நின்று, ஒரு காலைத் தூக்கியபடி காம்பராவைச் சாய்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அரிசியை உள்ளே எறிந்தாலும் வரவில்லை.

கடைசியில் பெட்டியைப் பையில் போட்டுக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனாள். ஃபேனையே எடுத்துவிட்டு, ஒரு பழைய பெரிய மெஷினிலிருந்து கழற்றிய, சூட்டை இழுக்கும் அலுமினியக் கட்டையை அறுத்து, அராவி, அந்த இடத்தில் பொருத்தினாள். சூடு ஏறாமல் இருக்க மெஷினின் வேகத்தைக் கட்டிப்போட்டாள். படம் பார்க்க அது போதும். இப்போது அதற்குள் அசைகிற சாமான் ஒன்றுகூட இல்லை. கதவை மூடி, கடை ஃபேனையும் நிறுத்திவிட்டு, நானாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் காதை வைத்தார். "ஒண்ணும் இல்லயே தங்கச்சி. மூச்சுப் போன மையித்து மாதிரி ஈக்கி."

"வீட்டில கொண்டு போய் வச்சா உறுமும் பாருங்க நானா."

"அப்ப வீட்டத்தான் கழட்டிப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போனார்.

அன்று பின்னேரம் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் பௌர்ணமிப் போயா, விடுமுறை. காலையில் எழுந்து பெட்டியைப் போட்டாள். கணக்கு டீச்சர் பலகை பக்கம் திரும்பினார். சாக்பீஸ் பலகையில் உரசுவது கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. லோஜினி மேசையில் கை வைத்தாள், பெட்டியில் கை வைத்தாள். மையித்துதான். அன்றைக்கு முழுக்க அவள் வீட்டில் சந்தோஷமாகத் திரிந்தாள். பால் வாங்கிப் பாயாசம் வைத்தாள். அஜந்தன் பாயாசத்தைக் குடித்தபடி, "சத்தமே இல்லாமப் பண்ணிட்டியா?" என்று கேட்டான்.

"ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. நீங்களே கேளுங்க."

அவன் கேட்டான். அந்த நிசப்தத்தைக் கேட்டுவிட்டு, பாதிப் பாயாசத்தோடு எழுந்து கை கழுவப் போனான்.

போயாவுக்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக் காம்பராவுக்குள் கால் வைத்ததும் உள்ளங்காலில் உறுமல் தெரிந்தது. சனிக்கிழமையும் இருந்தது. அதுதான் ஞாயிற்றுக்கிழமை தரை துடைக்கும்போது அவள் திட்டியது.

திட்டிவிட்டு வாளியைக் கொண்டுபோய் வைக்கப் போனவள், பாதி வழியில் நின்றாள். அசைகிற சாமான் ஒன்றுகூட இல்லாத பெட்டி எப்படி உறுமும்? பதினாறு வருஷத் தொழில். இந்தக் கேள்வியை முன்பே கேட்டிருக்க வேண்டியவள். தன் கையால் செய்ததில் தப்பு இருக்கும் என்று மட்டுமே தேடியதால் வேறு பக்கம் புத்தி போகவில்லை.

டிலானி, சர்ச்சில் மறைக்கல்வி வகுப்புக்குப் போன ரோசலின் அக்கா மகளுக்குத் துணையாகப் போய், அப்படியே ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள். அஜந்தன் சுற்றுக்குப் போயிருந்தான். லோஜினி பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினாள். மேசையில் கை வைத்தாள். உறுமல் இருந்தது. டெலிவிஷன் ப்ளக்கைப் பிடுங்கினாள். இருந்தது. வீட்டில் ஃபிரிஜ் கிடையாது. மெயின் சுவிட்சையே கீழே தள்ளினாள். இருந்தது. காலை வெயில் வாசலில் விழுந்துகொண்டிருக்க, கரண்ட் இல்லாத வீட்டில், பட்டப்பகலில், தரை உறுமிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் ரோசலின் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒங்க வீட்டில ஏதாவது ஓடுதா? மிக்ஸி, மோட்டர், என்னமாவது?"

"என்னாத்த ஓட? கரண்டு பில்லு கட்ட ஏலாம நான் அயர்ன் பண்றதையே விட்டுட்டேன். ஏன்?"

"ஒரு சத்தம் கேக்குது."

ரோசலின் அக்கா துருவுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஏன் தங்கச்சி, ஒன் மெஷின் சத்தம் ஒனக்கே தெரியாதா?"

"என் மெஷினா?"

"ஆமா. அது போடுற ஆட்டத்தில எங்க மாதா படம் ஆணியோட விழுந்திருச்சு. சண்டைக்கு வரலாம்னுதான் இருந்தோம். அஜந்தன் தம்பி தான் வந்து, லோஜினி கம்ப்யூட்டர் வேலை எடுத்து வந்து வீட்டில ஓட விட்டிருக்கா, கொஞ்சம் பொறுத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. அஞ்சு வீட்டுக்கும் சொன்னாரு. நல்ல மனுஷன் முகத்துக்காகச் சும்மா இருக்கோம்."

"எப்ப சொன்னாரு?"

"சித்திரை வருஷம் முடிஞ்ச கையோட."

பெட்டி வீட்டுக்கு வந்தது வைகாசி கடைசியில். லோஜினி அதைச் சொல்லவில்லை. அதற்கு முன் கேட்டதையெல்லாம் வயல் பம்ப் என்றே அவள் விட்டிருந்தாள். அக்காவின் கையிலிருந்த தேங்காய்ப் பாதியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சரி அக்கா என்று திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து மெயின் சுவிட்சைப் போட்டு, பெட்டியையும் ஸ்பீக்கரையும் மறுபடி இணைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. சத்தத்தைச் சத்தத்தால் அளப்பது ஒரு தொழில் பழக்கம். டிலானி அடிக்கடி போடும் பழைய பாட்டு ஒன்று மேலாக இருந்தது. அதைப் போட்டாள். பெரிய ஸ்பீக்கரில் அது காம்பராவை நிறைத்தது. இரண்டாவது அடியின் நடுவில் நிறுத்தினாள்.

பாட்டு நின்றது. உறுமல் நின்ற இடத்திலேயே இருந்தது. அதற்கு உள்ளே, வெகு கீழே, யாரோ அந்த அடியின் மீதியைச் சீட்டியடித்து முடித்தார்கள்.

அவசரமில்லாத சீட்டி. கையில் வேலையை வைத்துக்கொண்டு அடிக்கிற சீட்டி. அடியை முடித்துவிட்டு, அடுத்த அடியைப் பெட்டி தொடங்கும் என்று காத்திருப்பது போல் நின்றது.

லோஜினிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மேசையை நகர்த்திவிட்டு மூலையில் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தாள். சீமெந்தில் ஒரு மயிரிழை வெடிப்பு சுவர் வரைக்கும் ஓடியிருந்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் போன வழி அதுதான். அதன் வழியே ஈர மண்ணின் வாசமும் மெழுகுதிரிப் புகையின் வாசமும் வந்தது. டக், டக் என்று இரும்பு கல்லில் படும் சத்தம். கூடை இழுபடும் சத்தம். பிறகு ஒருவன் இருமினான். இன்னொருவன் சிங்களத்தில், பாட்டுப் போடச் சொல்லு என்று சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அவள் அசையாமல் கிடந்தாள். அவர்கள் எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? அவளும் அஜந்தனும் பேசியது, டிலானி பாடம் சொன்னது, டீக்குச் சீனி காணாது என்று அவள் புலம்பியது. ஒரு ஆள் உயரமா, இரண்டு ஆள் உயரமா இடையில்? பெட்டி அன்றைக்கு நிசப்தமானதற்குக் காரணமும் இப்போது விளங்கியது. அலுமினியக் கட்டை இல்லை, போயா. போயாவுக்கு மாணிக்கக் குழிக்காரர்கள் இறங்கமாட்டார்கள்.

மத்தியானத்துக்குள் டிலானியின் பாயையும் புத்தகங்களையும் ரோசலின் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். பூச்சி மருந்து அடிக்கப் போறேன் என்று காரணம் சொன்னாள். ஊர் சுற்றிவிட்டு வந்த டிலானியையும் அங்கேயே இருக்கச் சொன்னாள். பிறகு நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சமைக்கவில்லை.

அஜந்தன் நாலரை மணிக்கு வந்தான். கம்பையும் டோர்ச்சையும் கதவடியில் வைத்துவிட்டு, நகர்ந்து கிடந்த மேசையைப் பார்த்தான். பார்க்காதது போல நாற்காலியில் உட்கார்ந்தான்.

"டீ இல்லியா?"

"கேத்தல்ல இருக்கு. ஊத்திக்குங்க."

அவன் எழவில்லை. "பெட்டி ஓடலியா?"

அவள் மடியில் வைத்திருந்த ப்ளக்கைத் தூக்கிக் காட்டினாள். இருக்க இருக்க உறுமல் பெரிதானது போல் இருந்தது.

"இது என்னாங்க?"

"வயல்ல பம்ப் ஓடுது."

"பம்ப் காதுல கேக்கும். இது காலுல கேக்குது."

அஜந்தன் தன் கால்களைப் பார்த்தான்.

"அஞ்சு வீட்டுக்கும் போய் என் மெஷின்னு சொன்னீங்களாமே. அப்ப என்கிட்ட மெஷினே இல்லியே."

"கேட்டாங்க. என்னத்தயாவது சொல்லணும்ல." அவன் இன்னும் தலை தூக்கவில்லை. "அப்பறம் நீ பெட்டி செய்யப் போறேன்னு வந்து கேட்டே. கடவுளாப் பாத்துச் செய்ய வைக்கிறார்னு நெனச்சேன்."

லோஜினிக்கு அந்த நிமிஷம் கோபம் வரவில்லை. பிரஷ்ஷால் துடைத்தது, எண்ணெய் விட்டது, விரல் வெட்டுப்பட அலுமினியத்தை அராவியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அத்தனையையும் இந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ ஓடுறது என்னா?"

"காத்து அடிக்கிற மோட்டர். ஆள்களுக்கு மூச்சு வேணும்ல." அவன் உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்தான். "வயல்காரன் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு இருபது அடி வருவோம்னான். மரத்துக்குக் கீழதான்னான். நான் புத்தகத்தில எழுதக் கூடாது, அவ்வளவுதான். காசு ஒண்ணும் வாங்கல லோஜி. குழியில ஒரு பங்கு. எடுத்த சரளை மண்ணைக் கழுவுறன்னைக்கு மாணிக்கக் கல்லு இருந்தா உண்டு, இல்லாட்டி இல்ல."

"எங்க வீட்டுக்குக் கீழ எப்பிடி வந்தாங்க?"

"சரளை போற பக்கந்தானே வெட்டுவானுங்க. இப்பிடித் திரும்பிருச்சு. மரம் வச்சு முட்டுக் குடுத்துத்தான் போறாங்க. பயமில்ல. நான் எறங்கிப் பாத்தேன்."

"எறங்கினீங்களா?"

"ஒரு நாள். இந்த மூலைக்கு நேரா வந்து நின்னேன்." அவன் குரல் தணிந்தது. "டிலானி வாய்ப்பாடு சொல்லிக்கிட்டிருந்தா. எட்டாம் வாய்ப்பாடு. அம்பத்தாறுல தப்பு விட்டா. நீ திருத்தினே. பக்கத்தில நிக்கிற மாதிரிக் கேட்டுச்சு."

லோஜினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில், மண்ணுக்குள், தலையைத் தூக்கிக்கொண்டு மகளின் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒரு ஆளை அவள் இதுவரை அறிந்ததில்லை. அப்படி நின்றுவிட்டு மேலே வந்து, கை கழுவி, சாப்பிட்டுப் படுத்த ஆள்.

"கேட்டுட்டும் சும்மா வந்தீங்க."

"கழுவற வரைக்குந்தான். வாற போயா கழிஞ்சு கழுவிருவாங்க. அப்பறம் மூடிருவாங்க."

"அதுவரைக்கும் மழை பெய்யாதா?"

அவன் வாசல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தான். பிறகு, "ஆபீசில சொன்னா, வாட்ச்சருக்குத் தெரியாம எப்பிடின்னுதான் மொதல்ல கேப்பாங்க. வேலை போயிரும். வேலை போனா இந்தக் காம்பராவும் போயிரும் லோஜி" என்றான்.

"காம்பரா கீழ போய்க்கிட்டுத்தானே இருக்கு."

வெளியே ரோசலின் அக்கா கோழிகளை அடைக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலிருந்து டிலானியும் மற்றப் பிள்ளையும் சிரிக்கும் சத்தம் சுவர் தாண்டி வந்தது. அந்தச் சுவரும் இந்தச் சுவரும் ஒரே வரிசைதான். லோஜினி எழுந்தாள். தலைமயிரை முடிந்துகொண்டாள்.

"ஆபீஸ் கிளாக்கர் ஐயா ஞாயித்துக்கிழமை வீட்டில இருப்பாரு. நான் போறேன். ஆறு வீட்டுக்காரங்களும் இன்னைக்கு மேல் லயத்து ஸ்கூல்ல படுக்கட்டும், அதுக்கு அவரு சாவி குடுக்கணும்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீங்களும் வந்தா, நீங்க இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லலாம். வாட்ச்சர் கண்டுபிடிச்சு வந்து சொன்னதா இருக்கும். நானும் அப்பிடியே சொல்றேன். நான் தனியாப் போனா அந்தக் கதையைச் சொல்ல ஏலாது."

அவன் நாற்காலியின் நுனியில் இருந்தான். எழப்போகிறவன் மாதிரியும் இருந்தான், எழாதவன் மாதிரியும் இருந்தான்.

"வாறீங்களா?"

அஜந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது கொடுத்துக் கேட்கிறவனின் முகம். கீழே டக், டக் என்பது நின்றது. பின்னேரத் தேநீருக்கு நிறுத்துகிறார்களாக்கும். தகரக் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசின. ஒருவன் ஏதோ கேட்க, இன்னொருவன் பதில் சொன்னான்.

லோஜினி கதவடியில் இருந்த செருப்பைப் போட்டாள். ஒரு செருப்பின் வார் திரும்பிக்கொண்டது. குனிந்து சரிசெய்ய வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துச் சரிசெய்தாள். நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். அவன் நாற்காலி நுனியிலேயே இருந்தான். பிறகு படியிறங்கிப் போனாள்.